47 சென்டிமீட்டர் பிரேசில்

சல்வடோர் நகரத்தின் போன்ஃபிம் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு கம்பி வேலி உண்டு. ஆனால் கம்பி கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், பச்சை, வெள்ளை, ஊதா என்று ஆயிரக்கணக்கான நாடாக்களைக் கட்டிக் கட்டி வேலியையே மூடிவிட்டார்கள். காற்று வீசினால் அத்தனையும் சேர்ந்து படபடக்கும். வாசலில் நாடா விற்பவர், வாங்கியவரின் மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போடுவார். முடிச்சுக்கு ஒரு வேண்டுதல். அவிழ்க்கக் கூடாது, கத்தரிக்கவும் கூடாது. இற்றுப்போய்த் தானாக விழுகிற அன்றைக்கு வேண்டியது பலிக்கும் என்பது நம்பிக்கை. கோயில் கயிறு கட்டிப் பழகிய கைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நாடாவின் நீளம் 47 சென்டிமீட்டர். பூக்காரி முழங்கையில் அளந்து தரும் முழத்துக்கு ஏறக்குறைய சரி. இதுவும் கையளவுதான், பீடத்தில் இருக்கும் இயேசு சிலையின் கை நீளம். 1809-ல் வழக்கம் தொடங்கியபோது இதற்குப் பெயரே ‘மெஜீடா’, அதாவது அளவு. அன்று பட்டில் செய்து கழுத்தில் அணிந்தார்கள். இன்று செயற்கை இழை, மணிக்கட்டு. நிறத்துக்கும் பொருள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த யொருபா தெய்வங்களுக்கு ஆளுக்கொரு நிறம். வெள்ளை என்றால் ஓஷலா, மஞ்சள் என்றால் ஓஷும். கிறிஸ்துவின் வாசலில் கட்டும் நாடாவில் ஓஷலாவும் இருக்கிறார். கட்டுகிறவர்கள் யாருக்கும் அதில் சங்கடமில்லை.

நாடாவில் அச்சிட்டிருக்கும் வரியின் முதல் சொல் ‘லெம்ப்ரான்சா’. நினைவு என்று பொருள். நினைவாகத் தரும் பொருளுக்கும் அதுவே பெயர். பன்மையாக்கினால் ‘விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்று ஆகிவிடும். அதோடு ‘இஞா’ என்ற விகுதியைச் சேர்த்து ‘லெம்ப்ரான்சிஞா’ என்றால், கல்யாணத்திலும் பிறந்தநாளிலும் விருந்தாளியின் கையில் கொடுத்தனுப்பும் சின்னப் பொருள். நம் தாம்பூலப் பையின் பிரேசில் சொந்தம். ஒரு முழ நாடாவில் ஒரு மொழிப் பாடம், ஒரு வரலாற்றுப் பாடம், ஒரு பரிசு.

பிரேசிலுக்கு வேலையாகப் போகிறவர், அங்கே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டவர், கால்பந்தில் தொடங்கி மொழி வரைக்கும் ஆசைப்படுகிறவர் என்று போர்த்துக்கீசியம் கற்க விரும்புவோருக்குப் பரிசு வாங்கப் போகும் பலரும், எடுத்த எடுப்பில் கனமானதைத் தூக்குகிறார்கள். ஆயிரம் பக்க அகராதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் கலைப்பொருள், அறிஞர்களே மூச்சுவாங்கும் நாவல். 20 கோடி மக்களின் பேச்சு இருப்பது வேறு இடத்தில். பெட்டிக்கடைச் சித்திரக்கதையில், பத்திரிகையின் மூலைப் பத்தியில், சமையல் குறிப்பில், கயிற்றில் தொங்கும் பாட்டுப் புத்தகத்தில்.

மாங்காய் போன வழி

செலவே இல்லாத முதல் பரிசு, கையால் எழுதிய ஒரு சொற்பட்டியல். தமிழர் ஒருவருக்குக் கொடுப்பதானால் பாதிச் சொற்கள் ஏற்கெனவே அவர் வீட்டில் இருக்கின்றன. ஜன்னல், ‘ஜனேலா’. சாவி, ‘ஷாவி’. மேசை, ‘மேசா’. அலமாரி, ‘அர்மாரியு’. பட்டியலை எழுதுபவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால் இன்னும் நீளும். கதிரைக்கு ‘கடேய்ரா’, சப்பாத்துக்கு ‘சப்பாத்து’, குசினிக்கு ‘கொசிஞா’, துவாய்க்கு ‘துவாலியா’, அலவாங்குக்கு ‘அலவாங்கா’, பாணுக்குப் ‘பாவ்ங்’. ஈழத்தமிழர் ஒருவர் முதல் நாளிலேயே பிரேசிலில் ஒரு வீட்டைச் சாமானோடு அமர்த்திவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பேனாவை நம்பி ‘பேனா’ கேட்டால் இறகு கிடைக்கும். அங்கே எழுதுவதற்குக் கேட்க வேண்டியது ‘கனேட்டா’.

போன சொற்களின் கதை இதைவிடச் சுவை. 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்ட கப்ரால், உண்மையில் கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட ஆள். பத்து நாள் தங்கிவிட்டு இந்தப் பக்கமே வந்துசேர்ந்தார். அந்தக் கடல்வழியில் பின்னாளில் செடிகளும் சொற்களும் இரு திசையிலும் பயணம் செய்தன. மலையாளத்து மாங்ஙா, தமிழின் மாங்காய், போர்த்துக்கீசியத்தில் ‘மாங்கா’ ஆனது. மாமரம் ‘மங்கேய்ரா’ ஆனது. ரியோ நகரத்தின் புகழ்பெற்ற சாம்பா குழுக்களில் ஒன்றின் பெயர் மங்கேய்ரா. 1928-ல் தொடங்கியது, பச்சையும் இளஞ்சிவப்பும் அதன் நிறங்கள். கார்னிவல் இரவில் அந்தப் பெயரைக் கூவும் கூட்டத்துக்கு, தாங்கள் கூவுவதில் ஒரு மாங்காய் இருக்கிறது என்று தெரியுமோ என்னவோ.

காய்ச்சல் வந்த பிரேசில் குழந்தைக்குப் பாட்டி கொடுப்பது ‘கான்ஜா’. கோழி போட்ட அரிசிக் கஞ்சி, சொல்லும் கஞ்சிதான். பாயியா மாநிலத்தில் பேர்போன ‘ஷருட்டு’, நம் சுருட்டு. நாஞ்சில் நாட்டில் பலாவுக்குச் சக்கை என்பார்களே, அந்தச் ‘சக்க’ மலையாளம் வழியாகப் போய் ‘ஜாக்கா’ ஆனது. ரியோவின் திஜூக்கா காட்டில் பலாமரம் மண்டி உள்ளூர் மரங்களுக்கே இடைஞ்சலாகிவிட்டது. அளவுமீறித் தின்று குடித்துக் கூத்தடிப்பதைப் ‘பலாப்பழத்தில் காலை விட்டான்’ என்று சொல்கிறார்கள்.

எதிர்த்திசையில் வந்தவை முந்திரியும் அன்னாசியும் மரவள்ளியும். ஈழத்தில் சொல்லும் ‘கஜு’, பிரேசில் பழங்குடிகளான துப்பி இனத்தாரின் ‘அகாஜு’. அன்னாசியும் அவர்கள் சொல்தான். ஆனால் பிரேசில் சந்தையில் ‘அனனாஸ்’ என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அங்கே அது ‘அபகஷீ’. சிக்கலான வேலை தலையில் விழுந்தால், ‘அபகஷீ உரிக்க வேண்டியிருக்கிறது’ என்று அலுத்துக்கொள்வார்கள். முள்ளும் கண்ணுமாக இருக்கும் பழத்தை ஒருமுறை உரித்தவருக்கு இந்த மரபுத்தொடர் மறக்காது.

மூக்கில் இருக்கிறது சூட்சுமம்

பாடப்புத்தகம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது பிரேசில் மொழியா போர்ச்சுகல் மொழியா என்பதை. எழுத்து ஏறக்குறைய ஒன்று; காதுக்கு இரண்டும் வேறு. பிரேசிலின் பெரும்பகுதியில் ‘இ’ ஒலிக்கு முன்னால் வரும் ‘ட்’ இளகி ‘ச்’ ஆகும், அதன் ஜோடி ‘ஜ்’ ஆகும். பாலுக்கு எழுதுவது ‘லெய்டே’, சொல்வது ‘லெய்ச்சி’. காலை வணக்கம் ‘போங் ஜீயா’. சொல்லின் முதலில் வரும் ரகரம் தொண்டைக்குள் போய் ஹகரமாகிவிடும். நாம் ரொனால்டோ என்று கொண்டாடியவரை அவர் ஊரில் ‘ஹொனாவ்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரியோ ‘ஹீயு’. நாட்டின் பெயரே ‘பிரஸீவ்’.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடம், மூக்கொலி. இல்லை என்பதற்கும், ரொட்டிக்கும், அம்மாவுக்கும், இதயத்துக்கும் மூக்கு வேண்டும். தமிழருக்கு அது பிறவிச் சொத்து. பேச்சில் ‘அவன் வந்தான்’ என்னும்போது கடைசி னகரம் நாக்கில் முழுதாக விழுவதில்லை. உயிரோடு கலந்து மூக்கில் கரைகிறது. ‘மரம்’, ‘பணம்’ என்று சாதாரணமாகப் பேசும்போது உதடு மூடுகிறதா என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். அதே கரைசல்தான் ‘போங்’ என்பதிலும் ‘சிங்’ என்பதிலும். ஞகரமும் நம்மிடம் தயாராக இருக்கிறது. நமக்குச் சிரமம் வேறு இடத்தில்: தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வித்தியாசம் கடைசி ஓகாரத்தை எவ்வளவு திறந்து சொல்கிறோம் என்பதில் மட்டும் இருக்கிறது. வாயை அரை அங்குலம் கூடுதலாகத் திறந்தால் தாத்தா பாட்டியாகிவிடுவார்.

பாடநூல்களில் எம்மா எபர்லைன் லீமாவும் சமீரா யூனெஸும் எழுதிய ‘ஃபலார், லேர், எஸ்கிரெவேர்’ பல தலைமுறை வெளிநாட்டு மாணவர்கள் தேய்த்த புத்தகம். பேசு, படி, எழுது என்று தலைப்பு. ‘நோவோ அவெனீடா பிரசீவ்’ வகுப்பறைக்கு ஏற்றது. தனியாகப் படிப்பவருக்குக் கொஞ்சம் தனிமையாக இருக்கும். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஜான் விட்லம் எழுதி ரூட்லெட்ஜ் வெளியிட்ட நவீன பிரேசில் போர்த்துக்கீசிய இலக்கணத்தைக் கொடுக்கலாம். எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி ஒன்று என்பதை அது மறைப்பதில்லை. இரட்டை வழக்கில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு அந்த நேர்மை பிடித்துப்போகும்.

போர்த்துக்கீசியத்தில் ‘இருக்கிறது’ என்பதற்கு இரண்டு வினை. இயல்பாக இருப்பதற்கு ஒன்று, இப்போதைக்கு இருப்பதற்கு ஒன்று. முதல் வினையைப் போட்டு மாம்பழம் ‘வெர்ஜி’ என்றால் அந்த ரகம் பச்சை நிறம். இரண்டாவதைப் போட்டால் இன்னும் பழுக்கவில்லை. பச்சை என்ற ஒரே சொல்லுக்குள் நிறத்தையும் காயையும் வைத்திருப்பவர்களுக்கு இது அரை மணி நேரப் பாடம்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அகராதியை எடுக்கும்போது, சில சொற்களில் உகரத்தின் மேல் இரட்டைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2009-ல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் அந்தப் புள்ளிகளைத் துடைத்துவிட்டது. புள்ளி இருந்தால் புத்தகம் பழையது. படிக்கக் குற்றமில்லை, பார்த்து எழுதினால் குற்றம். சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு பிரேசில் அரசின் ‘செல்பி-பிராஸ்’ தேர்வு இருக்கிறது. 1998 முதல் நடக்கிறது. தொடக்கநிலை, உயர்நிலை என்று தனித்தனித் தாள் கிடையாது. எல்லோருக்கும் ஒரே தேர்வு. எழுதியதையும் பேசியதையும் வைத்து நிலையை அவர்கள் முடிவு செய்வார்கள்.

வெங்காயத்தாளின் பள்ளிக்கூடம்

பிரேசிலில் சித்திரக்கதைப் புத்தகத்துக்கு ‘ஜிபீ’ என்று பெயர். 1939-ல் வந்த ஒரு இதழின் பெயர் அது. பிறகு எல்லாப் படக்கதைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஜிபீ உலகின் முடிசூடா ராணி மோனிகா. தூக்கலான முன்பற்கள், சிவப்பு கவுன், கையில் நீல முயல் பொம்மை. வம்பு செய்யும் பையன்களை அந்த முயலால்தான் சாத்துவாள். 1963-ல் மவுரிசியோ டி சோசா தன் மகளை மாதிரியாக வைத்து அவளை வரைந்தார். அறுபது ஆண்டு தாண்டியும் பெட்டிக்கடைகளில் தொங்குகிறாள்.

மோனிகாவின் எதிரியும் தோழனுமான பையன் செபோலிஞா. ‘செபோலா’ என்றால் வெங்காயம், செபோலிஞா, வெங்காயத்தாள். தலையில் ஐந்தே முடி, தாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அவனுக்கு ரகரம் வராது, லகரம்தான் வரும். பிழை என்பதற்கு ‘எஹாடு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எலாடு’ என்பான். மொழி கற்பவருக்கு இது இலவசப் பயிற்சி. ஒவ்வொரு பலூனிலும் அவன் என்ன சொல்ல வந்தான் என்று மனதுக்குள் திருத்தித் திருத்தியே சொற்கள் பதிந்துவிடும். அதே கூட்டத்தில் சிக்கு பெந்து என்ற கிராமத்துப் பையன் இருக்கிறான். அவன் பேசுவது உட்பகுதிகளின் நாட்டுப்புற வழக்கு. எந்தப் பாடப்புத்தகமும் அதைச் சொல்லித் தராது. பத்து ஜிபீ கட்டி, மேலே ஒரு நாடா சுற்றிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய பாடத்திட்டம் கிடையாது.

படக்கதையிலிருந்து ஒரு படி ஏறினால் ‘குரோனிகா’. இது பிரேசில்காரர்கள் தங்கள் சொந்தச் சொத்தாக நினைக்கும் வடிவம். செய்தித்தாளில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பேருந்தில் கேட்ட பேச்சு, மாடி வீட்டுச் சண்டை, மழை. கதையும் அல்ல, கட்டுரையும் அல்ல. நம் வார இதழ்களின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களுக்கு உடனே பிடிபடும். ஹுபெம் பிராகா (1913–1990) இதற்காகவே வாழ்ந்தவர். நாவல் எழுதாமலே பெரிய எழுத்தாளர் என்று பேர் வாங்கியவர். நகைச்சுவைக்கு லூயிஸ் ஃபெர்னாண்டோ வெரிசிமோ. 2025 ஆகஸ்டில் காலமானார். பள்ளியில் படிப்பதற்கான நகைச்சுவைகள் என்று பொருள்படும் அவருடைய ‘கொமேஜியாஸ் பாரா சி லேர் நா எஸ்கோலா’ ஆறு மாதம் மொழி படித்தவருக்குச் சரியான பரிசு. ஒரு பத்தி படித்துத் தானாகச் சிரித்துவிட்டால், தேர்வில் தேறியதாக வைத்துக்கொள்ளலாம்.

தடித்தவை, மெலிந்தவை

இலக்கியம் என்றதும் தமிழ்நாட்டுப் புத்தகக் கடைகளில் நீளும் கை பவுலோ கோயலோவின் ‘ரசவாதி’ பக்கம். விற்பனையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆட்டிடையன் ஸ்பெயினில் புறப்பட்டு எகிப்துக்குப் போகும் அந்தக் கதையில் பிரேசில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

தேட வேண்டாத இடம் மஷாடோ டி அசிஸ் (1839–1908). விடுதலை பெற்ற அடிமைகளின் பேரன், வலிப்பு நோயாளி, பிரேசில் இலக்கியக் கழகத்தின் முதல் தலைவர். 1881-ல் நூலாக வந்த ‘பிராஸ் குபாஸின் மரணத்துக்குப் பிந்தைய நினைவுகள்’ நாவலில் கதை சொல்பவன் செத்துப்போனவன். புத்தகத்தைத் தன் பிணத்தை முதலில் அரித்த புழுவுக்குச் சமர்ப்பணம் செய்கிறான். 160 குட்டி அத்தியாயங்கள். ஒரு அத்தியாயத்தில் பேசுபவர்களின் பெயரைத் தவிரச் சொற்களே இல்லை, வெறும் புள்ளிகளும் நிறுத்தற்குறிகளும்தான். ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதாக அர்த்தம். மொழி கற்பவர் முழுதாகப் புரிந்து படிக்கும் முதல் அத்தியாயம் அதுவாக இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு 2020-ல் பெங்குவின் வெளியிட்ட ஃபுளோரா தாம்சன்-டிவோவின் மொழிபெயர்ப்பு நல்லது. மூலத்தில் முயல்பவர் மெலிந்த ‘ஓ அலியெனிஸ்டா’வில் தொடங்கலாம். சிறிய ஊரில் மனநலக் காப்பகம் திறக்கும் மருத்துவர் ஊரில் முக்கால்வாசிப் பேரை உள்ளே போட்டுவிட்டு, கடைசியில் தானே போய் உட்காருகிறார்.

கிராசிலியானோ ராமோஸின் ‘விடாஸ் செகாஸ்’ (1938), வறண்ட வாழ்க்கைகள். பஞ்சத்தில் நடந்துகொண்டே இருக்கும் ஒரு குடும்பம். பையன்களுக்குப் பெயர் இல்லை, மூத்தவன், இளையவன்தான். நாய்க்கு மட்டும் பெயர் உண்டு: பலேயா, திமிங்கலம். தண்ணீரே இல்லாத ஊரில்! ஒரு கிளியும் இருந்தது. பசியில் அதைத் தின்றுவிட்டார்கள். வீட்டில் யாரும் அதிகம் பேசாததால் அந்தக் கிளிக்குப் பேச வராது, நாய்போலக் குரைக்கத்தான் வரும். சொல் பஞ்சம் பிடித்த மனிதர்களைப் பற்றிய நாவல் என்பதால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கின்றன. 13 அத்தியாயங்களையும் தனித்தனியாகவும் படிக்கலாம்.

யாருக்கும் தயங்காமல் தரக்கூடிய ஒன்று, கரோலினா மரியா டி ஜெசுஸின் நாட்குறிப்பு ‘குவார்ட்டோ டி டெஸ்பேஜோ’. சாவ் பாவ்லோவின் கனிண்டே சேரியில் மூன்று பிள்ளைகளோடு, தெருவில் காகிதம் பொறுக்கி எடைக்குப் போட்டு வாழ்ந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டு. குப்பையில் கிடைத்த நோட்டுகளில் எழுதினார். அவுடாலியோ டான்டஸ் என்ற பத்திரிகையாளர் கண்ணில் அது பட்டு, 1960-ல் புத்தகமானது. தலைப்புக்குத் தட்டுமுட்டு அறை என்று பொருள். நகரம் வீடு என்றால் சேரி அதன் வேண்டாத சாமான் போடும் அறை என்றார் அவர். அன்றைக்குக் காகிதத்துக்கு என்ன கிடைத்தது, பீன்ஸ் என்ன விலை, அடுப்பு எரிந்ததா என்று நாள் நாளாகக் கணக்கு. அவருடைய எழுத்துப் பிழைகளைப் பதிப்பில் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதனால் இலக்கணத்துக்கு அதை நம்பக் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் நம்பலாம்.

கிளாரிஸ் லிஸ்பெக்டரின் ‘நட்சத்திரத்தின் நேரம்’ (1977) மெலிந்த புத்தகம்தான், ஆனால் மெலிவைக் கண்டு ஏமாறக் கூடாது. இட்டாமர் வியெய்ரா ஜூனியரின் ‘டோர்ட்டோ அராடோ’ (2019) இன்றைய பிரேசிலை அறிய. பாட்டியின் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த கத்தியை இரண்டு சிறுமிகள் எடுத்து வாயில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒருத்தி நாக்கை இழக்கிறாள். நிலமில்லாத கறுப்பின உழவர்களின் கதை அங்கே தொடங்குகிறது. குய்மராயிஸ் ரோசாவின் ‘கிராண்டே செர்டாவ்ங்’ (1956) மாபெரும் நாவல், சந்தேகமில்லை. புதிதாக மொழி படிப்பவருக்கு அதைப் பரிசளிப்பது பகை தீர்ப்பதற்குச் சமம்.

பாட்டில் இரண்டு போதும். ஜுவாவ்ங் ஜில்பெர்ட்டோ ஏறக்குறைய கிசுகிசுக்கும் குரலில் பாடுவார். ஒவ்வொரு அசையும் காதில் விழும். சிக்கோ புவார்க்கியின் ‘கொன்ஸ்ட்ருசாவ்ங்’ (1971) ஒரு கட்டடத் தொழிலாளியின் கடைசி நாள். வரிகள் எல்லாம் கடைசிக்கு மூன்றாவது அசையில் அழுத்தம் விழும் சொல்லில் முடியும். அந்தச் சொற்களையே இடம் மாற்றி அடுக்க அடுக்க அர்த்தம் சாய்கிறது, ஆளும் சாய்கிறான். அசை அழுத்தம் புரியாதவருக்கு இந்த ஒரு பாட்டு போதும்.

அடுப்படியும் கைவேலையும்

ஏவல் வினையைக் கற்றுத்தர சமையல் புத்தகத்தைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. கலக்கு, கிளறு, ஆறவிடு. 1940 முதல் அச்சில் இருக்கும் ‘டோனா பெண்டா’ பிரேசில் மணமகள்களின் மீனாட்சி அம்மாள் சமையல் புத்தகம். முதல் பாடத்துக்குப் ‘பிரிகடேய்ரு’ போதும். ஒரு டின் இனிப்புப் பால், கொஞ்சம் கோகோ, வெண்ணெய். அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கரண்டி போன வழியில் பாத்திரத்தின் அடி தெரியும். கலவை சுருண்டு ஒட்டாமல் வரும். பால்கோவா கிண்டியவருக்குப் பதம் சொல்ல வேண்டியதில்லை. ஆறியதும் உருட்டிச் சாக்லேட் துருவலில் புரட்ட வேண்டும். 1945 தேர்தலில் நின்ற எடுவார்டு கோமிஸ் என்ற பிரிகேடியருக்காகப் பெண்கள் செய்து விற்றார்கள், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். அவர் தோற்றுப்போனார். உருண்டை இன்றைக்கும் எல்லாப் பிறந்தநாள் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறது.

சீஸ் ரொட்டியான ‘பாவ்ங் ஜி கேய்ஜு’வுக்கு வேண்டியது மரவள்ளி மாவு. அதற்காக யாரும் கடல் கடக்க வேண்டாம். சேலத்துச் சேகோ ஆலைகளில் மலைமலையாக இருக்கிறது. மைதாவைத் தொடாத, உள்ளே ஜவ்வாக இழுக்கும் ரொட்டி.

கைவேலையில் மனதைப் பிடிப்பவை இரண்டு. எஸ்பிரிட்டு சாந்து மாநிலத்தில் கொய்யாபேய்ராஸ் பெண்கள் செய்யும் கறுப்பு மண்சட்டி. சக்கரம் கிடையாது, கையால் குழைத்து எழுப்பித் திறந்த நெருப்பில் சுடுகிறார்கள். செந்தணல் சூட்டோடு வெளியே எடுத்த சட்டியின் மேல் அலையாத்தி மரப்பட்டைச் சாற்றைத் துடைப்பக்கட்டையால் அடிக்க, சீறிக்கொண்டு கறுப்பேறுகிறது. பிரேசில் அரசு தன் அருவப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் 2002-ல் முதன்முதலாகப் பதிந்தது இந்தத் தொழிலைத்தான். மீன் குழம்பு வைக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. உடையாமல் கொண்டுவருவது வாங்கியவர் சாமர்த்தியம்.

இன்னொன்று ‘கஹாங்கா’. சாவ் பிரான்சிஸ்கு ஆற்றுப் படகுகளின் முகப்பில் பல்லை இளித்து நிற்கும் முகம். நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்கு வைக்கும் திருஷ்டி பொம்மையின் வேலைதான் அதற்கும். மரத்தில் செதுக்கிவந்ததைப் பெட்ரோலினா ஊரின் அனா (1923–2008) களிமண்ணில் செய்தார். அவர் செய்த முகங்களுக்குக் கண் இருக்கும் இடத்தில் ஓட்டை. கணவர் பார்வையற்றவர், அவருக்காக அப்படிச் செய்தார். ஊரே அவரைக் ‘கஹாங்காக்களின் அனா’ என்று கூப்பிட்டது.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பஞ்சவர்ணக்கிளி இறகு வைத்த தலையணி, நீலப் பட்டாம்பூச்சி இறகு பதித்த தட்டு. காட்டுயிர் வணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1967 முதலே இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் பரிசு வழக்காகிவிடும். ‘பெரிம்பாவ்’ என்ற ஒற்றைக் கம்பி வில் வாத்தியமும் ஆசைகாட்டும். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம், கூடவே சுரைக்குடுக்கை. கொண்டுவருவதற்குள் மனிதன் படும் பாட்டுக்குத் தனியாக ஒரு குரோனிகா எழுதலாம்.

கயிற்றில் தொங்கும் மயில்

பெட்டியில் இடமே இல்லை என்றாலும் நுழைந்துவிடுவது ‘கொர்டேவ்’. வடகிழக்குப் பிரேசிலின் பாட்டுப் புத்தகம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. 8, 16, 32 பக்கம். சந்தையில் கயிறு கட்டி அதில் மடித்துத் தொங்கவிடுவதால் கயிற்றின் பெயரே புத்தகத்துக்கும் வந்தது. மட்டமான தாள், மேலட்டையில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். உள்ளே கொள்ளைக்காரன், சாமியார், ஊழல் அரசியல்வாதி, சாத்தானை ஏமாற்றிய கிழவி. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் கொலைச் சிந்தும் ரயில் விபத்துச் சிந்தும் விற்ற காலத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு நெருங்கிய உறவு. பெர்னம்புக்கு மாநிலத்தின் பெசேஹுஸ் ஊரில் ஜெ. போர்ஜஸ் 2024-ல் சாகும்வரை அட்டைப்படம் செதுக்கிக்கொண்டிருந்தார். எழுத்தாளர் எடுவார்டோ கலியானோவின் புத்தகத்துக்கே அவர் மரச்செதுக்குப் படங்கள் போனதுண்டு. 2018-ல் கொர்டேவும் நாட்டின் பண்பாட்டுச் சொத்தானது.

ஆறாறு அடியாக, எதுகை தட்டாமல் ஓடும் பாட்டு என்பதால் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும். புரியாத சொல்லைத் தாளம் இழுத்துக்கொண்டு போய்விடும். மிகப் பிரபலமான ஒன்று ‘மர்ம மயிலின் கதை’. கிரேக்கப் பிரபு ஒருவன் தன் மகளை மாடியில் பூட்டி வைத்திருக்கிறான். துருக்கியிலிருந்து வரும் இளைஞன் ஒரு பொறியாளனைப் பிடித்து, பறக்கும் இயந்திர மயில் ஒன்று செய்யச் சொல்கிறான். சீவக சிந்தாமணியின் மயிற்பொறி விசயையைச் சுமந்து பறந்ததைப் படித்தவர்கள் இந்தப் புத்தகத்தைச் சும்மா கடந்துபோக முடியாது.

கொர்டேவ் விற்பவர் சந்தை நடுவில் நின்று புத்தகத்தைப் பாட ஆரம்பிப்பார். கூட்டம் சேரும். மயில் இருட்டில் மாளிகைக் கூரைமேல் வந்து இறங்கும், இளைஞன் ஓட்டைப் பிரிக்கத் தொடங்குவான். விற்பவர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். மீதி வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.